60 கணினி, ஒரு அட்மின்: லேபுக்கு எந்த மேலாண்மை மென்பொருளை எடுப்பது?

கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்க மென்பொருள் தேடுகிறவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு வசதிப் பட்டியலோடுதான் தேடுகிறார்கள். ரிமோட்டில் திரை தெரியுமா, ஓட்டைகளை அடைக்கும் பேட்ச் போடுமா, பென் டிரைவைத் தடுக்குமா, எந்தக் கணினியில் என்ன மென்பொருள் இருக்கிறது என்று ரிப்போர்ட் தருமா. இன்று கிடைக்கும் கருவிகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்விகளுக்கு ‘ஆம்’ என்றுதான் சொல்லும். எல்லாக் கட்டங்களிலும் டிக் விழுந்த பிறகு விலையைப் பார்த்து வாங்கிவிடுகிறோம். ஆறு மாதம் கழித்து டாஷ்போர்டைத் திறந்தால் பாதிக் கணினிகள் சிவப்பில் நிற்கின்றன.

நான் வேறொரு கேள்வியிலிருந்து தொடங்கச் சொல்வேன். நீங்கள் கட்டளை கொடுக்கும் நேரத்தில் அணைந்து கிடக்கும் கணினியை அந்த மென்பொருள் என்ன செய்கிறது? கருவிக்குக் கருவி பெரிய வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

பேச்சுக்கு ஒரு கல்லூரியை எடுத்துக்கொள்வோம். தலா 20 கணினிகளோடு மூன்று லேப். இரண்டில் விண்டோஸ், ஒன்றில் உபுண்டு. இது போக அலுவலகத்தில் சில கணினிகள், ஆசிரியர்கள் வீட்டுக்கும் எடுத்துப் போகும் லேப்டாப்கள். பார்த்துக்கொள்ள ஒரு சிஸ்டம் அட்மின், ஒரு லேப் உதவியாளர். மாலையில் லேபைப் பூட்டும்போது மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டுத்தான் சாவியை ஒப்படைப்பார்கள். மின்கசிவுக்குப் பயந்து செய்கிற அந்தப் பழக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த மென்பொருள்களின் கையேடுகள், கணினிகள் இரவெல்லாம் மின்சாரத்தில் இருக்கும் என்று நம்பி, அப்டேட்டை நள்ளிரவுக்குப் பிறகு வைக்கச் சொல்கின்றன.

இதற்கு வேக்-ஆன்-லேன் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அந்த உத்தியில் சர்வர் 102 பைட் கொண்ட சிறு செய்தி ஒன்றை அனுப்பும்: முதலில் ஆறு பைட் அடையாளம், பிறகு அந்தக் கணினியின் நெட்வொர்க் கார்டு அடையாளமான மேக் முகவரி 16 முறை. அதைப் பார்த்ததும் நெட்வொர்க் கார்டு கணினியை எழுப்பும். அதற்கு அந்தக் கார்டில் கொஞ்சமாவது மின்சாரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மெயின் இறங்கிய லேபில் எழுப்புவதற்கு எதுவும் இல்லை. மெயின் ஏறியிருந்தாலும், ஷட் டவுனை அரைகுறையாக்கும் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் குறுக்கே வரும். லேப் வேறு விலானில் (ஸ்விட்சில் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்கில்) இருந்தால் அந்தச் செய்தி ரௌட்டரைத் தாண்டாமல் நின்றுவிடும். எழுப்புவதை நம்பித் திட்டம் போடுவதைவிட, விழித்ததும் தானே வந்து கேட்கும் கணினியை வைத்துத் திட்டம் போடுவது மேல்.

யார் முதலில் பேசுவது

எந்த விளம்பரப் பெயரில் வந்தாலும் இந்தக் கருவிகளின் உடற்கூறு ஒன்றுதான். எந்தெந்தக் கணினிகள் நம்முடையவை என்ற பதிவேடு, அவை எப்படி இருக்க வேண்டும் என்ற கொள்கை, இன்ஸ்டால் செய்ய வேண்டிய கோப்புகளை வைத்திருக்கும் கிடங்கு, செய்து முடித்ததைத் திரும்பச் சொல்லும் அறிக்கை. இவற்றையெல்லாம் நடத்திவைப்பது பெரும்பாலும் ஒவ்வொரு கணினியிலும் பின்னணியில் ஓடும் ஏஜென்ட். விண்டோஸில் அது சிஸ்டம் உரிமையோடு, லினக்ஸில் ரூட் உரிமையோடு ஓடும். அதனால்தான் மாணவர் கணக்கில் யார் உட்கார்ந்திருந்தாலும் அதனால் வேலை செய்ய முடிகிறது.

வேறுபாடு, யார் முதலில் பேசுகிறார்கள் என்பதில் தொடங்குகிறது. சர்வர் போய் ஒவ்வொரு கணினியையும் தட்டுவது ஒரு முறை. கணினி தானே வந்து ‘எனக்கு ஏதாவது உண்டா’ என்று கேட்பது இன்னொரு முறை. முதலாவது வகுப்பு வகுப்பாகப் படித்துக் காட்டும் சுற்றறிக்கை: அன்று வராதவனுக்கு விஷயம் தெரியாது. இரண்டாவது அறிவிப்புப் பலகை: எப்போது வந்தாலும் படித்துக்கொள்ளலாம்.

கன்சோலில் ‘இப்போதே அனுப்பு’ என்று பட்டன் இருக்கும் கருவிகளிலும் உள்ளே பெரும்பாலும் நடப்பது இரண்டாவது முறைதான். சர்வர் ஒரு சின்னத் தூண்டலை அனுப்பும், ஏஜென்ட் அதைக் கேட்டு வந்து வேலையை எடுத்துக்கொள்ளும். தூண்டல் போய்ச் சேராவிட்டால் அடுத்த முறை தானாக வரும்போது எடுத்துக்கொள்ளும். அந்த ‘அடுத்த முறை’ எப்போது என்பதைப் பார்த்தாலே கருவி எந்தச் சூழலுக்காக எழுதப்பட்டது என்று தெரிந்துவிடும். பப்பெட் என்ற கருவி 30 நிமிடத்துக்கு ஒரு தடவை. மைக்ரோசாஃப்டின் கான்ஃபிகரேஷன் மேனேஜர் 60 நிமிடம். விண்டோஸ் கணினிகளுக்கு மொத்தமாக விதிகள் போடும் குரூப் பாலிசி 90 நிமிடம். அத்தோடு 0 முதல் 30 நிமிடம் வரை ஏதோ ஒரு அளவைக் கூட்டிக்கொள்ளும், எல்லாக் கணினிகளும் ஒரே நொடியில் சர்வர்மீது விழாமல் இருப்பதற்காக. மைக்ரோசாஃப்டின் மேகச் சேவையான இன்ட்யூன் ஏறக்குறைய 8 மணி நேரம். முதல் மூன்றும் ஒரே கட்டடத்துக்குள் இருக்கும் கணினிகளை மனத்தில் வைத்தவை. கடைசியது உலகெங்கும் சிதறிக் கிடக்கும் லேப்டாப்களை.

இன்னொரு வேறுபாடும் உண்டு, அது கண்ணுக்குச் சட்டெனத் தெரியாது. ‘இதை இன்ஸ்டால் செய்’ என்பது கட்டளை. ‘இது இன்ஸ்டால் ஆகியிருக்க வேண்டும்’ என்பது நிலை. கட்டளை போகும்போது கணினி அணைந்திருந்தால் கட்டளை வீண். நிலையாக எழுதி வைத்துவிட்டால், பத்து நாள் கழித்து விழிக்கும் கணினியும் தன்னைச் சோதித்துப் பார்த்து, குறையை மட்டும் சரிசெய்துகொள்ளும். 1993-இல் ஓஸ்லோவில் மார்க் பர்ஜஸ் எழுதிய சிஎஃப்இஞ்ஜின் என்ற மென்பொருள் இந்த எண்ணத்தில்தான் கட்டப்பட்டது. பப்பெட், சால்ட், ஆன்சிபிள் போன்ற கருவிகள் எல்லாம் அதே எண்ணத்தின் வழித்தோன்றல்கள். ஒரு கருவியைப் பரிசீலிக்கும்போது விற்க வந்தவரிடம் இதைத்தான் கேளுங்கள்: நான் எழுதி வைப்பது கட்டளையா, நிலையா?

ஆக்டிவ் டைரக்டரியும் குரூப் பாலிசியும்

விண்டோஸ் லேப் என்றால் பேச்சு இங்கேதான் தொடங்கும். கணக்குகளையும் கணினிகளையும் ஒரே பதிவேட்டில் வைக்கும் ஆக்டிவ் டைரக்டரி விண்டோஸ் 2000 சர்வரோடு வந்தது, இன்றும் அசையாமல் நிற்கிறது. கணினி விழித்ததும், பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ்ஸில் கேட்டு, அந்தப் பதிவேட்டை வைத்திருக்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரைக் கண்டுபிடிக்கும், கெர்பரோஸ் டிக்கெட் என்ற அடையாளச் சீட்டை வாங்கும், தனக்குரிய பாலிசிகள் எவை என்று டைரக்டரியில் பார்த்து, சிஸ்வால் என்ற பகிர்வுக் கோப்புறையிலிருந்து அவற்றைப் படித்து, விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் எழுதும். வால்பேப்பரை மாற்றவிடாமல் தடுப்பது, கன்ட்ரோல் பேனலை மறைப்பது, பிரின்டரை இணைப்பது, லோக்கல் அட்மின் உரிமையைப் பறிப்பது போன்ற வேலைகளுக்கு இதைவிட நம்பகமானது எதையும் நான் பார்த்ததில்லை. மைக்ரோசாஃப்ட் சர்வர் லைசன்ஸுக்குப் பணம் இல்லையென்றால், 2012 டிசம்பரில் வந்த, இலவச மென்பொருளான சம்பா 4.0 முதல் லினக்ஸ் சர்வரே டொமைன் கன்ட்ரோலராக நிற்க முடியும். 60 கணினிக்கு அது தாராளமாகப் போதும்.

ஆனால் மென்பொருள் இன்ஸ்டால் செய்ய மட்டும் குரூப் பாலிசியை நம்பாதீர்கள். எம்எஸ்ஐ என்ற விண்டோஸ் இன்ஸ்டாலர் வடிவில் இருக்கும் கோப்புகளைத்தான் ஒழுங்காக எடுக்கும். அதையும் பின்னணியில் செய்யாது, கணினி பூட் ஆகும்போதுதான் செய்யும். இங்கே ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் மறுபடியும் வந்து நிற்கிறது. அது இயங்கும் கணினியில் மாணவர் ஷட் டவுன் கொடுத்தால், விண்டோஸின் அடிப்பகுதி முழுதாக அணையாமல் ஹைபர்நேட் ஆகிறது. மறுநாள் பட்டனை அழுத்தினால் அது உண்மையான பூட் இல்லை, தூங்கி எழுவதுதான். லேப் உதவியாளர் வந்து சொல்வார்: “சார், நேத்து போட்ட கம்பைலர் மூணாவது வரிசைல மட்டும் வரல.” முதல் இரண்டு வரிசைகளில் யாரோ ரீஸ்டார்ட் கொடுத்திருப்பார்கள், மூன்றாவது வரிசையில் ஷட் டவுன் கொடுத்திருப்பார்கள், அவ்வளவுதான். எந்தக் கணினியில் இன்ஸ்டால் ஆனது, எதில் ஆகவில்லை என்று மொத்தமாகக் காட்டும் அறிக்கையும் குரூப் பாலிசியில் கிடையாது. ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்க வேண்டும். எந்தக் கருவியை எடுத்தாலும் முதல் பாலிசியாக ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துவிடுங்கள்.

பேட்சுக்கு இதனோடு சேர்த்து டபிள்யூசஸ் என்ற மைக்ரோசாஃப்டின் அப்டேட் சர்வரை வைப்பது வழக்கம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அதன் அருமை தெரியும். 800 எம்பி அளவுள்ள ஒரு மாதாந்தர அப்டேட்டை 40 விண்டோஸ் கணினிகளும் தனித்தனியே இறக்கினால் 32 ஜிபி. கல்லூரியின் 100 எம்பிபிஎஸ் லைன் முழுவதையும் அதற்கே கொடுத்தாலும் முக்கால் மணி நேரத்துக்கு வேறு யாராலும் எதுவும் செய்ய முடியாது. டபிள்யூசஸ் ஒரு முறை இறக்கி உள்ளூரில் பரிமாறும். ஆனால் இதை மேற்கொண்டு வளர்க்கப் போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் 2024 செப்டம்பரில் அறிவித்துவிட்டது. இருப்பது ஓடும், புதிதாக எதுவும் வராது. மைக்ரோசாஃப்ட் அல்லாத மென்பொருளுக்கு இது தானாகப் பேட்ச் கொண்டுவருவதுமில்லை. லேபில் ஓட்டையாகிக் கிடப்பது பெரும்பாலும் பழைய ஜாவா, பழைய பிரவுசர், பழைய பிடிஎஃப் ரீடர்தான்.

வாங்கும்போது கவனிக்க இன்னொன்று: விண்டோஸ் ஹோம் பதிப்பை டொமைனில் சேர்க்க முடியாது. கொட்டேஷனில் வெறுமனே ‘விண்டோஸ் 11’ என்று இருந்தால் எந்தப் பதிப்பு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கான்ஃபிகரேஷன் மேனேஜர்

1994-இல் சிஸ்டம்ஸ் மேனேஜ்மென்ட் சர்வர் (எஸ்எம்எஸ்) என்ற பெயரில் தொடங்கி, எஸ்சிசிஎம் என்று பலருக்கும் அறிமுகமானது. செய்ய முடியாதது என்று சொல்ல அதில் குறைவு. கெடு வைத்து இன்ஸ்டால் செய்யலாம், கெடு தாண்டி விழித்த கணினியில் விழித்ததும் செய்யலாம், கிளைக்குக் கிளை கோப்புக் கிடங்கு வைக்கலாம். ஆனால் அதற்கென்று எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுத்தளம் ஒன்று, அதைப் பராமரிக்கத் தெரிந்த ஆள், ஆண்டுதோறும் பதிப்பு ஏற்றும் வேலை எல்லாம் வேண்டும். ஆயிரக்கணக்கில் கணினி வைத்திருக்கும் பல்கலைக்கழகத்துக்கு அது பொருந்தும். 60 கணினிக்கு இதை எடுத்தால் அட்மினின் வேலை நேரம் கணினிகளுக்குப் போகாது, இந்த ஒரு சர்வருக்கே போய்விடும்.

எண்ட்பாயிண்ட் சென்ட்ரலும் ஆப்சியும்

என் கணக்கில் உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையேதான்.

எண்ட்பாயிண்ட் சென்ட்ரல், சென்னையின் ஜோஹோ நிறுவனத்தின் மேனேஜ்எஞ்ஜின் பிரிவு தயாரிப்பது. டெஸ்க்டாப் சென்ட்ரல் என்ற பழைய பெயரில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஏஜென்ட் வழியாக வேலை செய்கிறது. கணினி பூட் ஆகும்போது இன்ஸ்டால் செய்யவா, 90 நிமிடச் சுற்றில் செய்யவா என்று நாமே சொல்லலாம். தோற்றால் எத்தனை முறை மீண்டும் முயல வேண்டும் என்றும் சொல்லலாம். அணைந்திருந்த கணினி இங்கே தொலைந்துபோவதில்லை, ‘இன்னும் ஆகவில்லை’ என்ற பட்டியலில் நின்று, வந்ததும் நிறைவேறுகிறது. இதன் பெரிய பலம், குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஜாவா, அடோபி போன்றவற்றின் பேட்ச்களைத் தயாராகத் தொகுத்துத் தருவது. ஒரே ஆள் இருக்கும் இடத்தில் அந்தத் தொகுப்பு வேலை மிச்சமாவது லேசான விஷயம் இல்லை. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றும் ஒரே திரையில் தெரியும். ஆண்டுச் சந்தா, கணினி எண்ணிக்கைக்கு ஏற்ற விலை. சிறு எண்ணிக்கைக்கு இலவசப் பதிப்பும் இருக்கிறது. அதை ஒரு லேபில் மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

ஆப்சி, ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்து யூஐபி நிறுவனத்தின் திறந்த மூல மென்பொருள். சர்வர் லினக்ஸில் ஓடும், நிர்வகிப்பது பிரதானமாக விண்டோஸ் கணினிகளை. இதில் எனக்குப் பிடித்தது அதன் நேரக்கணக்கு. கணினி பூட் ஆனதும், லாகின் திரை திறப்பதற்கு முன்பே, ஏஜென்ட் சர்வரிடம் போய் ‘எனக்கு என்ன வேலை’ என்று கேட்கிறது. வேலை இருந்தால் லாகினை மறித்துக்கொண்டு இன்ஸ்டால் செய்கிறது, முடித்த பிறகே பயனரை உள்ளே விடுகிறது. ஒவ்வொரு மென்பொருளுக்கும் அந்தக் கணினியில் அது என்ன நிலையில் இருக்கிறது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சர்வரில் இரண்டு குறிப்புகள் இருக்கும். கணினி வந்து வேலையைச் செய்யும்வரை இரண்டாவது குறிப்பு காத்திருக்கும்.

மெயின் இறக்கும் லேபுக்கு இதைவிடப் பொருத்தமான ஒழுங்கு இல்லை. கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் ‘மின்சாரம் திரும்பினால் தானாக ஆன் ஆகு’ என்ற அமைப்பு பெரும்பாலான டெஸ்க்டாப்களில் உண்டு. அதை எல்லாவற்றிலும் வைத்துவிடுங்கள். முதல் வகுப்பு ஒன்பதரைக்கு என்றால் லேப் உதவியாளர் எட்டே முக்காலுக்கு மெயினை ஏற்றினால் போதும். 20 கணினிகளும் தானாக விழிக்கும், ஆப்சியிடம் கேட்கும், செய்து முடித்து லாகின் திரையோடு மாணவர்களுக்காகக் காத்திருக்கும். யூபிஎஸ் பழசாக இருந்தால் வரிசை வரிசையாக ஏற்றுவது நல்லது. நள்ளிரவுக்குப் பதிலாக இந்த முக்கால் மணி நேரம்தான் உங்கள் பராமரிப்பு நேரம். எண்ட்பாயிண்ட் சென்ட்ரலையும் பூட் நேரத்தில் வேலை செய்யச் சொல்லி இதே ஒழுங்குக்குக் கொண்டுவரலாம்; ஆப்சியில் அது பிறவிக் குணம்.

குறையும் இருக்கிறது. மென்பொருள் பொதிகளுக்கான ஸ்கிரிப்டை அட்மின்தான் எழுத வேண்டியிருக்கும். அதன் ஆவணங்கள் ஜெர்மன் நடையிலான ஆங்கிலத்தில் இருக்கும், பொறுமையாகப் படிக்க வேண்டும். மையப்பகுதி இலவசம் என்றாலும் வளாகத்துக்கு வெளியே இருக்கும் கணினிகளுக்கான நீட்சி உட்படச் சில கூடுதல் பகுதிகளுக்குக் கட்டணம் உண்டு. லினக்ஸ் சர்வர் பழகிய அட்மின் இருந்தால் ஆப்சி. இல்லையென்றால், அல்லது அவர் அடுத்த ஆண்டு வேலை மாறிவிடுவார் என்ற நிலை இருந்தால், எண்ட்பாயிண்ட் சென்ட்ரல். கருவி நிற்பது அதைத் தெரிந்த ஆளை வைத்துத்தான். நிர்வாகம் இதை மறந்துவிடுகிறது.

இன்ட்யூன்

2011-இல் விண்டோஸ் இன்ட்யூன் என்று வந்தது. சர்வர் நம்மிடம் இல்லை, மைக்ரோசாஃப்டின் மேகத்தில் இருக்கிறது. ஆசிரியரின் லேப்டாப் வீட்டு வைஃபையில் இருந்தாலும் நிர்வாகத்துக்குள் இருக்கும். திருடுபோனால் அழிக்கலாம். புதிதாகச் சேர்ந்த கணினி முதல் கால் மணி நேரத்தில் 3 நிமிடத்துக்கு ஒரு முறையும், அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு 15 நிமிடத்துக்கு ஒரு முறையும் கேட்டு, அதன் பிறகு 8 மணி நேரச் சுழற்சிக்குப் போகும். ஒன்பதரைக்கு விழித்து நான்கரைக்கு அணையும் லேப் கணினி அந்தச் சுழற்சிக்கு எப்படிச் சிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தூண்டல் அனுப்பலாம், வின்32 மென்பொருளுக்கான துணை ஏஜென்ட் மணிக்கொரு தரம் பார்க்கும் என்பதெல்லாம் சரி. என்றாலும் ‘இன்று மதியத் தேர்வுக்கு முன் இந்த மென்பொருள் எல்லாவற்றிலும் இருக்க வேண்டும்’ என்ற அவசரத்துக்கு இது ஏற்றதில்லை. கோப்புகளும் இணையம் வழியே வர வேண்டும், லைன் மெல்லியதாக இருந்தால் இன்னும் சிரமம். லேப்டாப்களுக்கு இன்ட்யூன்தான் என் தேர்வு, லேபுக்கு வேண்டாம்.

இமேஜ் போடுவது

எந்தக் கருவி வந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாக ஏற்றும் வேலை லேபில் இருக்கும். இதற்கு ஃபாக் என்ற இலவச மென்பொருள் நல்லது. கணினி நெட்வொர்க் வழியே பூட் ஆகி, சர்வரிலிருந்து ஹார்ட் டிஸ்கின் முழு நகலையும் (இமேஜ்) வாங்கி எழுதிக்கொள்ளும். 30 ஜிபி இமேஜை 40 கணினிகளுக்கும் தனித்தனியே அனுப்பினால் 1200 ஜிபி. கிகாபிட் போர்ட்டில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். மல்டிகாஸ்டில் ஒரே ஓட்டத்தை எல்லாரும் கேட்பதால், ஹார்ட் டிஸ்கின் வேகத்தைப் பொறுத்துக் கால் மணியிலிருந்து அரை மணியில் முடியும். ஆனால் கூட்டத்தில் ஒரே ஒரு கணினியின் ஹார்ட் டிஸ்க் பழுதாகி மெதுவாக எழுதினாலும் மற்ற அனைத்தும் அதற்காகக் காத்திருக்கும். அப்படிப்பட்டதை முதலிலேயே ஒதுக்கி வையுங்கள்.

இமேஜ் எடுக்கும்போது ஒரு பெரிய பொறி உண்டு. மேலாண்மை ஏஜென்ட்டோடு சேர்த்து நகல் எடுத்தால் ஏஜென்ட்டின் அடையாள எண்ணும் நகலாகிவிடும். டபிள்யூசஸ்ஸில் இது அடிக்கடி நடக்கும்: லேபில் 20 கணினி இருக்கும், கன்சோலில் ஒன்றுதான் தெரியும், ஒவ்வொரு முறையும் பெயர் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். சிஸ்பிரெப் என்ற விண்டோஸ் கருவியை ஓட்டி, ஏஜென்ட் அடையாளத்தை நீக்கிவிட்டுத்தான் நகல் எடுக்க வேண்டும். டொமைனில் சேர்ந்த கணினியின் பழைய நகலை மீட்டாலும் சிக்கல் வரும். கணினிக்கும் டொமைனுக்கும் இடையே உள்ள ரகசியச் சொல் 30 நாளுக்கு ஒரு முறை மாறும். பழைய இமேஜில் இருப்பது பழைய சொல்.

டீப் ஃப்ரீஸ் என்ற மென்பொருள் போட்டிருக்கும் லேபில் கூடுதல் கவனம் வேண்டும். ரீஸ்டார்ட் ஆனதும் எல்லாம் பழைய நிலைக்குப் போய்விடுவதால், அப்டேட்டும் அழியும். காலையில் இறங்கிய அதே பேட்ச் மறுநாள் காலையும் இறங்கும், லைன் நிரம்பும், ரிப்போர்ட்டில் எப்போதும் சிவப்பு. டீப் ஃப்ரீஸ் உருகிய நிலையில், அதாவது மாற்றங்கள் அழியாத நிலையில், இருக்கும் பராமரிப்பு நேரத்தையும் மேலாண்மைக் கருவியின் நேரத்தையும் ஒன்றாகப் பொருத்தாமல் இரண்டையும் சேர்த்து வைக்கவே கூடாது.

உபுண்டு லேப்

ஆன்சிபிள் இன்று எல்லாரும் முதலில் கற்பது. 2012-இல் வந்தது, 2015-இல் ரெட் ஹேட் வாங்கியது. ஏஜென்ட் வேண்டாம், எஸ்எஸ்எச் என்ற ரிமோட் லாகின் போதும் என்பதுதான் அதன் கவர்ச்சி. சர்வர்களுக்கு அது பிரமாதம். லேபில் அதுவே பலவீனம்: சர்வர் போய்த் தட்டும் முறை என்பதால், தட்டும்போது அணைந்திருக்கும் கணினியை ‘எட்டவில்லை’ என்று எழுதிவிட்டுப் போய்விடும். இதற்கு மருந்தும் ஆன்சிபிளிலேயே இருக்கிறது. ஆன்சிபிள்-புல் என்ற கட்டளையைக் கணினியிலேயே வைத்தால், அது கிட் என்ற பதிப்புக் கிடங்கிலிருந்து விதிகளை எடுத்துத் தன்மீதே செலுத்திக்கொள்ளும். அதை, குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் லினக்ஸின் சிஸ்டம்டி டைமரில் போட்டு, அதில் ‘பெர்சிஸ்டென்ட்’ என்ற அமைப்பை இயக்கிவிட்டால், அணைந்திருந்தபோது தவறிய ஓட்டத்தை பூட் ஆனதும் நிறைவேற்றும். சில வரிகளில் முடியும் வேலை இது.

லினக்ஸ் லேபுக்கு இன்னும் தீர்க்கமான வழி எல்டிஎஸ்பி. 1999-இல் ஜிம் மெக்குவில்லன் தொடங்கிய திட்டம், 2019 வாக்கில் புதிதாக எழுதப்பட்டது. கிரீஸ் நாட்டுப் பள்ளி லேப்களில் பழகி உரம் பெற்றது. இதில் லேப் கணினிகளில் இயங்குதளமே இல்லை. ஒவ்வொரு முறையும் சர்வரில் இருக்கும் ஒரே இமேஜிலிருந்து பூட் ஆகின்றன. சர்வரில் ஒரு மென்பொருளை ஏற்றி இமேஜைப் புதுப்பித்தால் அடுத்த பூட்டில் 20 கணினிகளிலும் அது இருக்கும். எது அப்டேட் ஆனது, எது ஆகவில்லை என்ற கேள்விக்கே இடமில்லை. பதிலுக்கு, கிகாபிட் ஸ்விட்சும் கேபிளும் ஒழுங்காக இருக்க வேண்டும். சர்வர் விழுந்தால் லேப் முழுவதும் விழும்.

இந்தச் சர்வர்தான் வளாகத்திலேயே ஆபத்தான கணினி

ஒரே இடத்திலிருந்து எல்லாவற்றையும் மாற்ற முடியும் என்றால் ஒரே இடத்திலிருந்து எல்லாவற்றையும் அழிக்கவும் முடியும். 2014 மே மாதம் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் விண்டோஸ் 7 ஏற்றும் பணி ஒன்று தவறுதலாக எல்லா விண்டோஸ் கணினிகளுக்கும் போய்விட்டது. மேசைக் கணினிகள், லேப்டாப்கள், சர்வர்கள் எல்லாம் தங்களைத் துடைத்துக்கொள்ளத் தொடங்கின. அந்தக் கட்டளையை அனுப்பிய மேலாண்மை சர்வரும் அதில் சேர்ந்தது. 2021 ஜூலை 2-ஆம் தேதி கசேயா விஎஸ்ஏ என்ற மேலாண்மை மென்பொருளின் ஓட்டை வழியே ரீவில் கும்பல் நுழைந்து, 1500 வரையிலான நிறுவனங்களில், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேரைப் பரப்பியது. ஸ்வீடனில் கூப் நிறுவனத்தின் ஏறக்குறைய 800 கடைகள் கல்லாப்பெட்டி இயங்காமல் மூட வேண்டியிருந்தது. 2020 மார்ச்சில், நான் மேலே பரிந்துரைத்த டெஸ்க்டாப் சென்ட்ரலிலேயே, பாஸ்வேர்டு இல்லாமல் வெளியிலிருந்து சர்வரில் கட்டளை ஓட்டக்கூடிய ஓட்டை வெளியாகி, சில நாட்களில் தாக்குதலும் தொடங்கியது. நல்ல கருவி, கெட்ட கருவி என்று இதைப் பிரிக்க முடியாது. எல்லாக் கணினிகளிலும் உயர்ந்த உரிமை பெற்ற எந்த மென்பொருளும் தாக்குபவருக்கு முதல் இலக்குதான்.

2017 ஜூனில் நாட்பெட்யா என்ற தீநிரல் தாக்கியபோது கப்பல் நிறுவனமான மெர்ஸ்கின் டொமைன் கன்ட்ரோலர்கள் உலகெங்கும் அழிந்தன. கானா நாட்டு அலுவலகத்தில் ஒன்று மட்டும் தப்பியது, அங்கே அந்த நேரத்தில் மின்வெட்டு. அந்த ஒன்றிலிருந்துதான் மொத்தத்தையும் மீட்டார்கள். நம் டொமைன் கன்ட்ரோலரின் பேக்கப்பையும் நெட்வொர்க்கிலிருந்து கழற்றிய ஒரு டிஸ்கில் வைத்திருப்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது கடினமில்லை. மேலாண்மை சர்வரின் திரையை இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள். அதன் அட்மின் கணக்கில் தினசரி வேலை பார்க்காதீர்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பு வையுங்கள். கணினிகளை மூன்று வளையமாகப் பிரியுங்கள்: முதலில் இரண்டு கணினி, ஒரு நாள் பார்த்துவிட்டு ஒரு லேப், பிறகு மீதம். சர்வர்கள் எந்த வளையத்திலும் தானாகச் சேரக்கூடாது. 2024 ஜூலை 19-இல் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக்கின் பழுதான அப்டேட் ஒன்று 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைக் கவிழ்த்தபோது, அது படிப்படியாகப் போகாமல் மொத்தமாகப் போனதுதான் சேதத்தைப் பெரிதாக்கியது.

என் தேர்வு

நாம் எடுத்துக்கொண்ட கல்லூரிக்கு: விண்டோஸ் லேப்கள் இரண்டுக்கும் லாகினுக்கும் கட்டுப்பாட்டுக்கும் ஆக்டிவ் டைரக்டரி அல்லது சம்பா. மென்பொருளுக்கும் பேட்சுக்கும் ஆப்சி. லினக்ஸ் தெரிந்த ஆள் இல்லையென்றால் எண்ட்பாயிண்ட் சென்ட்ரல். ஆண்டு விடுமுறையில் ஃபாக். அலுவலகக் கணினிகளும் இதே ஏற்பாட்டில் அடங்கும், ஆனால் தனி வளையமாக, கடைசி வளையமாக. கட்டண ரசீது போடும் கணினியில் பரிசோதனை வேண்டாம்.

உபுண்டு லேபில் கேபிளிங் நன்றாக இருந்தால் எல்டிஎஸ்பி, இல்லையென்றால் டைமரில் ஆன்சிபிள்-புல்.

ஆசிரியர்களின் லேப்டாப்களுக்கு இன்ட்யூன், ஆனால் கல்லூரியிடம் ஏற்கெனவே மைக்ரோசாஃப்ட் 365 ஏ3 போன்ற, இன்ட்யூன் அடங்கிய லைசன்ஸ் இருந்தால் மட்டும். அதற்காகவே தனியாக வாங்குவதென்றால், எண்ணிக்கை பத்து இருபதுக்குள் இருக்கும்வரை எண்ட்பாயிண்ட் சென்ட்ரலின் மேகப் பதிப்பையும் விலை கேட்டுப் பாருங்கள். ஆசிரியர் சொந்தப் பணத்தில் வாங்கிய லேப்டாப்பாக இருந்தால், அதில் ஏஜென்ட் போடுவதற்கு முன் அந்த ஏஜென்ட்டால் எதையெல்லாம் பார்க்க முடியும், எதையெல்லாம் அழிக்க முடியும் என்று எழுத்தில் கொடுத்து அவருடைய சம்மதத்தையும் எழுத்தில் வாங்குங்கள். சம்மதிக்காதவரின் லேப்டாப்பை விருந்தினர் வைஃபையோடு நிறுத்திவிடலாம்.